அழுத்தினால் மடங்கும் கத்தி

மடக்குக் கத்திக்குத் தேங்காயெண்ணெய் விடக் கூடாது. பதினெட்டு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்பதில்லை. விட்ட அன்றைக்குச் சுகமாகத் திறக்கும். ஒரு மாதம் போனால் எண்ணெய் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்துக்கொண்டு, மூட்டில் பசை மாதிரி இறுகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். உங்கள் மேஜைமேல் இருக்கும் மூன்று கத்திகளில் நடுவில் இருப்பதை முகர்ந்து பாருங்கள். அது பச்சைமுத்துவுடையது. அவரிடமும் சொல்லித்தான் கொடுத்தேன்.

வாயால் சொன்னால் ரைட்டர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். நான்தான் தாள் கேட்டு வாங்கினேன். போலீஸில் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் செல்லாது, மாஜிஸ்ட்ரேட் முன்னால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் நீங்களே எடுத்துச் சொன்னீர்கள். பரவாயில்லை. ஒரு முறை ஒழுங்காக எழுதிவிட்டால் மறுமுறை சொல்வது சுலபம்.

என் பெயர் கோதண்டபாணி. வயது நாற்பத்தொன்பது. மரங்கொத்தி மார்க் மடக்குக் கத்திகளுக்கு விழுப்புரம் மாவட்டத்தில் சர்வீஸ் பார்ப்பவன் நான் ஒருவன்தான். விழுப்புரத்தில் ஸ்டேஷன் ரோட்டில் மாடியில் ஓர் அறை. வியாழக்கிழமைகளில் காலை பாசஞ்சரில் திண்டிவனம் வந்து, ஒரு ஹார்டுவேர் கடையின் முகப்பில் மேஜை போட்டு உட்காருவேன். வாரண்டி கார்டோடு வருபவர்களின் கத்தியை வாங்கிப் பார்த்து, என்னால் ஆகக்கூடியதை அங்கேயே முடித்துக் கொடுப்பேன். ஆகாததைக் கம்பெனிக்கு அனுப்புவேன்.

லாக் என்றால் என்னவென்று நேற்று கேட்டீர்கள். கத்தியை விரித்ததும் கைப்பிடிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய எஃகுத் தகடு 'டக்' என்று உள்ளே வந்து அலகின் குதிகாலுக்குப் பின்னால் நிற்கும். அது நிற்கும்வரை அலகு மடங்காது. மூட வேண்டுமானால் அந்தத் தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கிவிட்டு மூட வேண்டும். மொத்தக் கத்தியும் அந்தத் தகட்டின் நுனியை நம்பித்தான் இருக்கிறது. அது வழுக்கினால் அலகு திரும்பி வரும். அந்த நேரத்தில் கைப்பிடியைச் சுற்றி இருப்பவை விரல்கள்.

போன வருடம் தை மாதம் ஒரு புதுச் சரக்கு வந்தது. மாவட்டம் முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு கத்திகள் விற்பனையாயின. ஒட்டுக் கட்டுகிறவர்கள், கரும்புக்காரர்கள், ஒயர் சீவும் எலக்ட்ரீஷியன்கள், கரையோரத்தில் வலை வைத்திருப்பவர்கள் என்று எல்லாரும் வாங்கினார்கள். சித்திரையிலேயே புகார் வர ஆரம்பித்தது. தகட்டின் நுனியை வெட்டிய சாய்வு தப்பு. உருப்பெருக்கி லென்ஸை வைத்துப் பார்த்தால் எனக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

முதலில் வந்தவர்களில் ஒருத்தி சின்னபொண்ணு. வானூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டுகிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு செடி கட்டுவாளாம். வந்து கத்தியை மேஜைமேல் வைத்தாள்.

"நிக்க மாட்டேங்குது சார். கொஞ்சம் அழுத்தனா மடங்கிக்கினு வருது. ரெண்டு வாட்டி கைய இழுத்துக்கினேன்."

"கம்பெனிக்கு அனுப்பறேம்மா. மூணு வாரம் ஆவும்."

"அதுவரிக்கும் நான் எதுல கட்டறது? இது நர்சரில குடுத்த கத்தி. நீங்களே பாத்துக் குடுக்க முடியாதா?"

என்னால் முடியும். சின்ன அரம் ஒன்றும் பத்து நிமிடமும் போதும். ஆனால் லாக் முகத்தை, அதாவது அந்தத் தகட்டின் நுனியை, தொடுவது சர்வீஸ் சென்டருக்கு அனுமதித்த வேலை இல்லை. விதிப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. அனுப்பி வைத்தேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. கூடவே 'சோதிக்கப்பட்டது, குறை ஏதுமில்லை' என்று முத்திரை குத்திய அட்டை. உறையைப் பிரித்ததும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. சின்னபொண்ணு வந்தாள். அட்டையைக் காட்டினேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு கத்தியைக் கொடுத்தேன்.

"இப்ப நிக்குமா சார்?"

"கம்பெனில பாத்திருக்காங்கம்மா."

பதினோரு நாள் கழித்து அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் அலகு இறங்கியது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தையல் ஆறியது, விரல் மடங்கவில்லை. மடங்காத விரலை வைத்துக்கொண்டு ஒட்டுக் கட்ட முடியாது. நர்சரியில் கொஞ்ச நாள் தண்ணீர் ஊற்றச் சொன்னார்களாம். பிறகு வர வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

அவளுக்காக நான் வாரண்டி கோரிக்கை அனுப்பினேன். முறையற்ற பயன்பாடு என்று பதில் வந்தது. கத்தியை நெம்புகோலாகப் பயன்படுத்தியிருக்கிறாள் என்பது அவர்கள் முடிவு. சென்னை மண்டல அலுவலகத்தில் வாரண்டி பார்ப்பவர் ஆனந்தராஜ் என்று ஒரு தம்பி. நல்ல மாதிரி. அவருக்குப் போன் செய்தேன்.

"இந்த சரக்கு முழுக்கத் தப்பா இருக்குப்பா. திருப்பி வாங்கச் சொல்லு."

"அண்ணே, க்ளெய்ம் தள்ளுபடி ஆனாலும் அடிபட்டது கணக்குல ஏறிடும். ஆனா ஒரு கேஸெல்லாம் ஒரு கேஸே இல்ல. ஒரே சரக்குல, ஒரே மாவட்டத்துல, அடிபட்டது மூணு வரணும். மூணாவது ஏறிச்சின்னா சிஸ்டமே தானா ரீகால் போட்டுடும். அப்ப மேல இருக்கறவங்க நெனச்சாலும் நிறுத்த முடியாது."

"அடிபடாம முப்பத்தாறு புகார் வந்திருக்கே."

"அதெல்லாம் ஃபீட்பேக்ண்ணே."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. விதியைச் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்காவது ஒரு கோடு போடத்தான் வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு கத்திகள் மாவட்டத்தில் பலருடைய சட்டைப் பையிலும் இடுப்பு மடிப்பிலும் இருக்கின்றன. ஒன்று நடந்துவிட்டது. மற்ற இரண்டும் எப்படியும் நடக்கும். எப்போது என்பதும் யாருக்கு என்பதும்தான் தெரியாது. கழுத்துப் பக்கத்தில் வைத்துக் கயிறு அறுப்பவனுக்கு நடக்கலாம். குழந்தைக்குக் கொய்யா நறுக்கும் தாய்க்கு நடக்கலாம். பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பொறுப்பில்லாத வேலை என்று முடிவு செய்தேன். அந்த இரண்டும் பொருத்தமான ஆளுக்கு, ஆறக்கூடிய அளவில் நடந்துவிட்டால் மீதி எல்லாரும் பிழைத்துக்கொள்வார்கள்.

ஆளை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து யார் இந்தச் சரக்கைக் கொண்டு வருகிறார்களோ அவர் என்று வைத்துக்கொண்டேன். அடுத்து வந்தவர் ஒரு காலேஜ் வாத்தியார். அவருடைய தகட்டை மட்டும் நான் அரத்தால் சரி செய்தே கொடுத்துவிட்டேன். படித்தவர்கள் நிறையக் கேட்பார்கள். அதற்கடுத்தது உங்கள் இலாகாவைச் சேர்ந்த ஒருவர். அதையும் சரி செய்தேன். அதற்கும் அடுத்தவர்தான் பச்சைமுத்து.

காணைக்குப் பக்கத்தில் சொந்தமாக நிலம் வைத்திருக்கிறார். நெல்லும் கரும்பும். அறுபது வயது. இரண்டு பிள்ளைகள் கூடவே இருந்து விவசாயம் பார்க்கிறார்கள். அவர் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் வேலை நிற்காது என்பதை விசாரித்துக்கொண்டேன். அவருடைய புகார் நேர் எதிரானது. அவர் கத்தியில் லாக் நிற்காமல் இல்லை, விடுவிக்க முடியாமல் இறுகிப்போயிருந்தது. எண்ணெய்தான் காரணம்.

"கட்டவெரலு நோவுதுங்க இத ஒதுக்கறதுக்குள்ள. கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுங்க."

லூஸ் பண்ணிக் கொடுத்தேன். தகட்டின் நுனியில் இன்னும் கொஞ்சம் சாய்வு வைத்தேன். எவ்வளவு வைத்தால் எத்தனை நாள் தாங்கும் என்று என் அறையில் பழைய கத்திகளில் பார்த்து வைத்திருந்தேன். கட்டையில் குத்தி அழுத்தி, ஒவ்வொன்றும் எத்தனையாவது அழுத்தலில் மடங்குகிறது என்று குறித்திருந்தேன். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது. பச்சைமுத்து திறந்து மூடிப் பார்த்துச் சிரித்தார். அடுத்த வியாழக்கிழமை, சும்மா கொடுக்க என்றே பஸ் ஏறி வந்து, ஒரு பை அவித்த வேர்க்கடலை, அவர் பேச்சில் மல்லாட்டை, வைத்துவிட்டுப் போனார். நன்றாக இருந்தது.

இருபது நாள் ஆயிற்று. சொட்டு நீர்க் குழாயை அறுக்கும்போது நடந்தது. நடுவிரல், மோதிரவிரல் இரண்டிலும் நுனிக்கணு போய்விட்டது. நான் கணக்குப் போட்டது ஒரு விரல்தான். அவர் பிடிக்கும் விதத்தை நான் பார்த்து வைக்காமல் விட்டது என் பிழை. கட்டுப் போட்ட கையோடு அவரே வந்தார். புகார் கொடுக்க வந்தார் என்று நினைத்தேன். அவர் வந்தது வேறு விஷயத்துக்கு.

"கத்திய வெச்சிக்கங்க. ஊட்ல பொம்பளைங்க அத உள்ள வெக்கக் கூடாதுன்றாங்க. நல்ல கத்தி, யாருக்குன்னா குடுத்துடுங்க."

"கம்ப்ளெயிண்ட் எழுதிக் குடுங்க. கம்பெனிக்கு அனுப்பணும்."

"அதெல்லாம் வேணாங்க. நாந்தான் அவசரத்துல ஏடாகூடமா புடிச்சிட்டேன். நீங்க நல்லாத்தான செஞ்சி குடுத்தீங்க. கம்பெனிக்காரன் மேல எதுக்குங்க பழி?"

"உங்க மேல தப்பே இல்லங்க. எழுதிக் குடுங்க."

"எழுதறதுக்குக் கை ஏதுங்க?"

அதனால் நானே எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல இல்லை; அவர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு வந்தார். நடந்ததை நடந்தபடி எழுதினேன். 'சாதாரணப் பயன்பாட்டின்போது லாக் வழுக்கியது.' இடது கைக் கட்டைவிரல் ரேகை வைத்தார். அன்றைக்கு அவருக்காக நான் ஆனந்தராஜிடம் போனில் முக்கால் மணி நேரம் வாதாடினேன். அந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது. வாரண்டியில் அவருக்குப் புதுக் கத்தி ஒன்று வந்தது.

மூன்றாவது சுஃப்யான். அவரைப் பற்றி எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அவரை எனக்குப் பிடித்திருந்தது. கோட்டக்குப்பத்துக்காரர். குவைத்தில் ஏசி மெக்கானிக். லீவில் வந்தவர், மனைவி நிலோஃபரின் ஊர் திண்டிவனம் என்பதால் அங்கே வந்திருந்தார். கத்தியின் லாக் நடுங்குவதைத் தன் போனில் வீடியோ எடுத்துக் கொண்டு வந்து காட்டினார். பேச்சு முறையாக இருந்தது.

"வேலைக்கு இதாங்க எனக்கு எல்லாமே. ஒயரு, இன்சுலேஷன், டேப்பு எல்லாம் இதுலதான். சரியாயிட்டா எடுத்துக்கினு போவேன், இல்லாட்டி வேற பாக்கணும்."

"எப்பங்க கெளம்பறீங்க?"

"இன்னும் நாப்பது நாளு இருக்குங்க."

நான் அதைத்தான் யோசித்தேன். ஒரு வெட்டு ஆற மூன்று வாரம். விரல் பழக இரண்டு வாரம். விமானம் ஏறும்போது தழும்பு மட்டும் மிஞ்சும். சாய்வை இரண்டு மூன்று நாளில் மடங்கும்படி வைத்தேன். குவைத்தில் நடந்தால் அது எங்கள் மாவட்டக் கணக்கில் ஏறாது என்பதும் ஒரு காரணம். மூன்றாம் நாள் மாமியார் வீட்டில் மின்விசிறி ஒயரைச் சீவிக்கொண்டிருந்தபோது நடந்தது. ஆனால் அலகு கட்டைவிரலின் அடியில் இறங்கி நரம்பை அறுத்துவிட்டது. நரம்புக்கு நாற்பது நாள் போதாது. மருத்துவத் தகுதிச் சோதனையில் கழித்துவிட்டார்கள். விசா காலாவதியாயிற்று. நேற்று அவரை இந்த ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தபோது பார்த்தேன். பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது ஏறிய மறுநாள், ஆனந்தராஜ் சொன்னபடியே ரீகால் வந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. தானாகவே வந்தது. கெடாரிலிருந்தும் வானூரிலிருந்தும் ஜனங்கள் கத்தியைக் கொண்டுவந்து அட்டைப் பெட்டியில் போட்டார்கள். மூன்று வாரத்தில் முந்நூற்றெண்பத்தேழு கத்திகள் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் எண் போட்டு நானே கட்டினேன். அந்த மூன்று வாரம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். பெட்டிகள் லாரியில் ஏறிய அன்று ஒரு டீ குடித்துவிட்டு வெகுநேரம் ரோட்டோரமே நின்றுகொண்டிருந்தேன். இத்தனை பேருடைய கைகள் என்று நினைத்தேன்.

நிலோஃபர் வந்தது அதற்கடுத்த வியாழக்கிழமை. புருஷனுக்கு நஷ்ட ஈடு கேட்டு எழுத வந்தாள். காத்திருந்த நேரத்தில் போனில் அந்தப் பழைய வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் அவர்கள் கத்தி இருந்தது.

"ஏங்க, இந்தத் தகடு நுனி முன்ன இப்பிடி இல்லையே. வீடியோல நேரா கீது. இதுல சீவன மாரி கீதே."

"ஆமாம்மா."

"யாரு சீவனது?"

பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. சர்வீஸ் சீட்டின் நகலை எடுத்துக் கொடுத்தேன். 'செய்த வேலை: லாக் முகத்தின் சாய்வு மாற்றப்பட்டது.' கீழே என் கையெழுத்து, தேதி. பச்சைமுத்துவின் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவள் அதை இரண்டு முறை படித்தாள். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். நான் சாயங்காலம்வரை அங்கேயேதான் இருந்தேன். உங்கள் ஜீப் வந்தபோது இன்னும் இரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள்.

கத்தி வாங்கியவர்களிடம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சரக்கின் தரத்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்பது விதி. வாத்தியாருக்குச் செய்ததுபோல எல்லாருக்கும் சரி செய்து கொடுத்திருக்கலாமே என்றும் கேட்டீர்கள். அது அனுமதித்த வேலை அல்ல. ஒன்றிரண்டு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். நானூறு என்றால் கேட்பார்கள். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

இன்று காலை நீங்கள் காட்டிய கம்பெனிக் கடிதத்தைப் படித்தேன். மூன்றில் இரண்டு கேஸ்களில் லாக்கைச் சர்வீஸ் ஊழியரே கெடுத்திருப்பதால் அவை எண்ணிக்கையிலிருந்து நீக்கப்படுகின்றன. எஞ்சியிருப்பது ஒன்று. ஆகவே ரீகால் ரத்து. முந்நூற்றெண்பத்தேழு கத்திகளும் 'குறை ஏதுமில்லை' முத்திரையோடு உரியவர்களுக்குத் திருப்பி அனுப்பப்படும். விதிப்படி சரிதான். என்னை நீங்கள் பிடிக்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொன்னதற்கு நீங்கள் கோபப்பட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

சின்னபொண்ணு விஷயத்தில் என்மேல் வழக்கு எதுவும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவளுடைய கத்தியில் நான் கை வைக்கவே இல்லை. "கெட்டதுன்னு தெரிஞ்சேதான அவ கையில குடுத்தீங்க?" என்றீர்கள். கொடுத்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

ஆக, பச்சைமுத்துவின் விரல்களையும் சுஃப்யானின் கையையும் வெட்டியது நான்தான். தெரிந்து, அளந்து, நாள் குறித்துச் செய்தேன். யாரும் தூண்டவில்லை. யார்மேலும் எனக்குப் பகை இல்லை.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், சப் இன்ஸ்பெக்டர் சங்கவி அவர்களே. மதியம் சாப்பாட்டுக்குப் போகும்போது, கதவருகே நின்று, சாதாரணமாகத்தான் கேட்டீர்கள். "ரெண்டு கைதான வேணும்? உங்களுக்கே ரெண்டு கீதே. அதையே வெட்டிக்க வேண்டிதுதான?"

அதை நான் யோசிக்காமல் இல்லை. ஆரம்பத்திலேயே யோசித்துத் தள்ளிவிட்டேன். கம்பெனி சார்ந்தவர்களுக்கு ஏற்படும் காயம் கணக்கில் சேராது என்று விதி இருக்கிறது. உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். நீங்கள் என் பையிலிருந்து எடுத்த விதிப் புத்தகத்தை மேஜைமேல் வைத்து, "எங்க கீதுன்னு காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இருபத்திரண்டு பக்கங்கள். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மூன்று முறை படித்துவிட்டேன்.

அப்படி ஒரு விதி இதில் இல்லை. அச்சடிக்கும்போது விட்டுப்போயிருக்கும்.